வெள்ளவத்தையில் உதவிய அக்காவுக்கு நன்றி

அமெரிக்காவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு அங்குள்ள வரித் திணைக்களத்திடமிருந்து ஒரு கடிதம். அரசு நடத்தும் காப்புறுதிச் சந்தையில் மானியத்தோடு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கிறேனாம், அந்த மானியத்துக்குக் கணக்குக் காட்டும் 8962 படிவம் அனுப்பினால்தான் எனக்குத் திரும்ப வரவேண்டிய வரிப் பணம் வருமாம். என்னிடம் இருந்ததோ கம்பனிக் காப்புறுதி மட்டும்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காலி வீதியில் போட்டோகொப்பி எடுக்க நின்றபோது பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், முன்பு அமெரிக்காவில் கணக்கு வேலை பார்த்தவராம், கடிதத்தை வாங்கி வரி வரியாகப் படித்தார். "பயப்படாதீங்கோ தம்பி, இதுக்குப் போய், குடுத்த வரிக் கணக்கைத் திருத்துற 1040-எக்ஸ் படிவம் போட்டுடாதீங்கோ" என்றார். காப்புறுதி இருந்ததைக் காட்டும் படிவங்களில், சந்தையில் எடுத்தவர்களுக்குத்தான் 1095-ஏ வரும், பெரிய கம்பனிகள் தருவது 1095-சி, அதனால் அந்த 1095-சியின் பிரதியோடு, சந்தைக் காப்புறுதி எடுக்கவே இல்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்து, வந்த கடிதத்தின் பிரதியையும் சேர்த்துக் கெடுவுக்குள் பெக்ஸ் பண்ணச் சொன்னார். என்ன எழுதுவது என்றுகூடத் தன் பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித் தந்தார். யாரென்றே தெரியாத ஒருவனுக்கு இவ்வளவு பொறுமையாக யார் செய்வார்கள்?

பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா, பிரச்சினை தீர்ந்து பணமும் வந்துவிட்டது. மனமார்ந்த நன்றி.