பிங் பதில் வருவது டிரைவருக்குச் சான்றாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி மதிப்பீடு நெருங்கும் காலம் இது. தொழிற்சாலைக் கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டிகளைச் செய்யும், மதுரையின் ஒரு சிறு நிறுவனத்தில் நான் லினக்ஸ் இயங்குதளத்துக்கான டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள், எழுதும் பணியில் இருக்கிறேன். வேலை கேட்டு வரும் மாணவர்களின் திட்டப்பணி அறிக்கைகளை வாசிப்பதும் என் பொறுப்பில் சேர்ந்ததே. நெட்வொர்க் கார்டு டிரைவரை எழுதியோ திருத்தியோ கொண்டுவரும் மாணவர்களின் அறிக்கைகளில் ‘சோதனை முடிவுகள்’ என்ற அத்தியாயம் பெரும்பாலும் ஒரே படத்தோடு முடிந்துவிடுகிறது: மறுமுனைக் கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்குப் பதில் வந்த திரையின் படம். டிரைவரின் மிக ஆபத்தான பகுதியான நேரடி நினைவக அணுகல், அதாவது டிஎம்ஏ, சோதிக்கப்பட்டதற்கான சுவடே அவற்றில் இருப்பதில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களும் அதைப் பற்றிக் கேட்பதில்லை என்று மாணவர்களே சொல்கிறார்கள். இனியாவது கேட்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

கார்டுக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிராசசரே எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு வேறு வேலை பார்க்க நேரமிருக்காது. ஒரு ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய, 64 பைட் அளவுள்ள பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம் வந்து சேரும். ஆகவே டிரைவர் நினைவகத்தில் சில பஃபர்களை, அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களை, ஒதுக்கி, அவற்றின் முகவரிகளை டிஸ்கிரிப்டர் ரிங் எனப்படும் வட்டப் பட்டியலில் எழுதிக் கார்டிடம் ஒப்படைக்கிறது. கார்டு பிராசசரைக் கேட்காமலேயே அந்த முகவரிகளில் எழுதிவிட்டு, முடிந்ததும் தகவல் சொல்கிறது. கீழமாசி வீதியில் கிட்டங்கிச் சாவியைச் சுமை இறக்குபவரிடம் கொடுத்த வணிகர், சாவி கைக்குத் திரும்பும்வரை உள்ளே போய் மூட்டைகளை இடம் மாற்றக் கூடாது. டிஎம்ஏவின் விதியும் அதுவே. ஒரு பஃபரை ‘மேப்’ செய்து ஒப்படைத்த கணத்திலிருந்து ‘அன்மேப்’ செய்து திரும்பப் பெறும்வரை அது கார்டுக்கு உரியது. இடையில் பிராசசர் அதைப் படிக்க வேண்டுமானால் ‘சிங்க்’ அழைப்பின் மூலம் உரிமையைப் பெற்று, படித்து முடித்ததும் அதே முறையில் திருப்பித் தர வேண்டும்.

இந்த விதியை மீறிய டிரைவரிலும் பிங் ஏன் ஒழுங்காகப் பதில் தருகிறது என்பதைத்தான் மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பிங் வழக்கமாக நொடிக்கு ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது. அதன் அளவும் ஈதர்நெட் தலைப்பைச் சேர்த்து 98 பைட்தான். வேறு போக்குவரத்து இல்லாவிட்டால், 256 இடங்கள் கொண்ட ரிங் ஒரு சுற்று முடியவே நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகிவிடும். ரிங் நிரம்புவது, பஃபர் கிடைக்காமல் போவது, ஒரே பஃபர் உடனுக்குடன் மறுபடி பயன்படுவது ஆகிய நெருக்கடிகள் எதுவும் அதற்குள் வருவதில்லை. மேலும் நம் ஆய்வகங்களில் இருக்கும் மேசைக் கணினிகள் எக்ஸ்86 என்ற பிராசசர் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கார்டு நினைவகத்தில் எழுதும்போது பிராசசர் தன்னருகே நகல்களை வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகத்தை வன்பொருளே ஒத்திசைத்துவிடுவதால், டிரைவர் ‘சிங்க்’ அழைப்பை அடியோடு மறந்திருந்தாலும் தரவு சரியாகவே தெரியும். 32 பிட் முகவரி மட்டுமே அறிந்த கார்டை 64 பிட் அறிந்தது என்று டிரைவர் தவறாகப் பதிவு செய்திருந்தால், 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரி கிடைக்கும்போது அதன் மேற்பகுதி வெட்டுண்டு, கார்டு வேறு யாருடைய நினைவகத்திலோ எழுதிவிடும். ஆனால் 2 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியில் அப்படியொரு முகவரியே கிடையாது. ஆய்வகத்துக்குப் புதுக் கணினி வாங்கித் தராத நிர்வாகங்கள் இந்த ஒரு விஷயத்தில் பிழையான டிரைவருக்குப் பேருதவி செய்துவருகின்றன.

இத்தகைய பிழைகளைப் பிடிக்கும் கருவிகள் விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. 2009இல் வெளிவந்த 2.6.30 பதிப்பு முதலே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் டிஎம்ஏ பிழைகளைக் கண்காணிக்கும் பகுதி இருக்கிறது. கெர்னலைத் தொகுக்கும்போது ‘டிஎம்ஏ ஏபிஐ டீபக்’ என்ற தெரிவை இயக்கினால் போதும். மேப் செய்யாத முகவரியை அன்மேப் செய்வது, மேப் செய்த அளவுக்கும் அன்மேப் செய்த அளவுக்கும் வேறுபாடு இருப்பது, தரவு செல்லும் திசையை மாற்றிக் குறிப்பிடுவது, மேப் செய்தது தோல்வியா என்று பார்க்காமலேயே முகவரியைக் கார்டிடம் கொடுப்பது, டிரைவர் விலகும்போது அன்மேப் செய்யாத பஃபர்களை விட்டுச் செல்வது ஆகியவற்றை அது கெர்னல் பதிவில் எழுதிவிடும். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: இயல்பான அமைப்பில் அது முதல் பிழையை மட்டுமே விரித்து எழுதும். முதல் பிழையைத் திருத்திவிட்டு, பதிவில் புதிதாக எதுவும் வரவில்லை என்று நிம்மதி அடைவது தவறு. எல்லாப் பிழைகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றியோ, கணினியை மறுபடி தொடங்கியோ பார்க்க வேண்டும்.

ஆயினும் இக்கருவிக்கும் ஒரு குறை இருக்கிறது. செய்த அழைப்பு சரியா என்று அது பார்க்குமே தவிர, செய்ய வேண்டிய ‘சிங்க்’ அழைப்பைச் செய்யாமல் விட்டதை அதனால் அறிய முடியாது. எக்ஸ்86 கணினியில் இது கண்ணுக்கே தெரியாத பிழை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் சாதாரண மேசைக் கணினியிலேயே இதை வெளிக்கொணர வழி உண்டு. கெர்னல் தொடங்கும்போது ‘எஸ்டபிள்யூஐஓடிஎல்பி’ என்ற அளபுருவுக்கு ‘ஃபோர்ஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்தால், கார்டு டிரைவரின் பஃபரில் நேரடியாக எழுதாது. கெர்னல் வைத்திருக்கும் இடைநிலைப் பஃபரில் எழுதும். அங்கிருந்து டிரைவரின் பஃபருக்குத் தரவு நகலெடுக்கப்படுவது அன்மேப் அல்லது சிங்க் அழைப்பு வரும்போது மட்டுமே. ஆகவே பஃபர்களை அன்மேப் செய்யாமல் சுழற்சியில் பயன்படுத்தி, சிங்க் அழைப்பையும் மறந்த டிரைவர், தன் பஃபரில் பழைய குப்பையைத்தான் படிக்கும். முதல் பிங்குக்கே பதில் வராது. இந்த அமைப்பில் ஓட்டும்போது மட்டும் பிங் ஓரளவு சோதனை என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது. இதற்கு இன்னொரு பயனும் உண்டு. இடைநிலைப் பஃபர்களின் மொத்த இடம் வழக்கமாக 64 எம்பிதான் என்பதால், அன்மேப் செய்ய மறந்து பஃபர்களைக் கசியவிடும் டிரைவர் விரைவிலேயே அதை நிரப்பிவிடும். இடம் நிரம்பியது என்ற செய்தி பதிவில் வரும், மேப் செய்யும் அழைப்புகள் தோல்வியடையத் தொடங்கும், தோல்வியை டிரைவர் எப்படிக் கையாள்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இச்சோதனையின்போது ஐஓஎம்எம்யூவை அணைத்து வைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அந்த ஐஓஎம்எம்யூவை இயக்கிச் செய்ய வேண்டிய சோதனை தனியானது. கார்டு நினைவகத்தின் எந்தப் பக்கங்களில் எழுதலாம் என்பதை வன்பொருளிலேயே கட்டுப்படுத்துவது அது. அனுமதியில்லாத முகவரியில் கார்டு கை வைத்தால், எந்தச் சாதனம், எந்த முகவரி என்பதோடு கெர்னல் பதிவில் குறிப்பு வரும். அதை ‘ஸ்ட்ரிக்ட்’ முறையில் இயக்க வேண்டும். வேகத்துக்காக இருக்கும் மற்றொரு முறையில், அன்மேப் செய்த பிறகும் பழைய அனுமதி சிறிது நேரம் நீடிக்கும் என்பதால், தாமதமாக எழுதும் கார்டு தப்பித்துவிடலாம். இதுவும் முழுக் காவல் ஆகாது. 4096 பைட் பக்கம்தான் அதற்குத் தெரிந்த மிகச் சிறிய அலகு; ஒரே பக்கத்தில் இரண்டு 2048 பைட் பஃபர்களை வைத்திருக்கும் டிரைவரில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கார்டு வழிந்து எழுதினால் அது பேசாமல்தான் இருக்கும்.

மாணவர்கள் மட்டுமன்றிப் பணியில் இருப்பவர்களும் ஏமாறும் இடம், தரவு கெடாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணான செக்சம். தற்காலக் கார்டுகள் பாக்கெட்டின் செக்சத்தைத் தாமே சரிபார்த்துவிட்டு, சரி என்ற குறிப்போடு அதை நினைவகத்தில் எழுதுகின்றன. அந்தச் சரிபார்ப்பு நடப்பது தரவு நினைவகத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பு. அதற்குப் பிறகு டிஎம்ஏ பாதையில் தரவு கெட்டால் கெர்னல் அதை மறுபடி பார்க்காது. கெட்ட தரவு நல்ல தரவாகப் பயனரின் கோப்பு வரை போய்விடும். ஆகவே சோதனைக் காலத்தில் ஈத்டூல் கட்டளையால் கார்டின் செக்சம் வசதியை அணைத்துவிட்டு, அந்த வேலையைக் கெர்னலிடம் விட வேண்டும். வேகம் குறையும், குறையட்டும். அனுப்பும் பாக்கெட்டுகளும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. மிகச் சிறியதிலிருந்து 1518 பைட் வரை ஒவ்வோர் அளவாக ஏற்றிப் பார்ப்பது நல்லது. சிறிய பாக்கெட்டுகளைக் குறைந்தபட்ச அளவுக்கு நிரப்பும்போது, சுழியத்துக்குப் பதிலாக நினைவகத்தில் கிடந்த பழைய தரவைச் சேர்த்து வெளியே அனுப்பிய டிரைவர்கள் பல இருந்தன என்பது 2003இல் ‘ஈதர்லீக்’ என்ற பெயரில் வெளிப்பட்ட குறைபாடு.

நினைவகப் பிழைகளைப் பிடிப்பதில் பெயர் பெற்ற கேசான் கருவியை இயக்கிவிட்டோம், அது ஒன்றும் சொல்லவில்லை, எனவே டிரைவர் நலம் என்று எழுதும் அறிக்கைகளும் வருகின்றன. கேசான் பிராசசர் செய்யும் அணுகல்களை மட்டுமே பார்க்கிறது. கார்டு எழுதுவது அதன் பார்வைக்கே வருவதில்லை. விடுவிக்கப்பட்ட பஃபரில் கார்டு எழுதுவதைக் காண, நினைவக ஒதுக்கீட்டில் ‘பாய்சன்’ முறையை இயக்க வேண்டும். விடுவித்த இடத்தையெல்லாம் கெர்னல் 6பி என்ற பதினறும எண்ணால் நிரப்பி வைக்கும். அடுத்து அந்த இடத்தை ஒதுக்கும்போது நிரப்பியது கலைந்திருந்தால் அந்தப் பைட்டுகளைப் பதிவில் கொட்டும். கொட்டியதில் 08 00 45 00 என்ற வரிசை தென்பட்டால் வேறு துப்பு தேவையில்லை. 08 00 என்பது ஐபிவி4 என்று ஈதர்நெட் தலைப்பு சொல்வது, 45 00 என்பது ஐபி தலைப்பின் தொடக்கம். யாரோ ஒருவருடைய நினைவகத்தில் வந்து படுத்திருப்பது ஒரு பாக்கெட் என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரும்பாலும் இப்படி நடப்பது டிரைவரை நிறுத்தும் நேரத்தில்தான். கார்டின் வரவேற்புப் பகுதியை நிறுத்தாமல் பஃபர்களை முதலில் விடுவித்துவிட்டால், வந்துகொண்டிருக்கும் பாக்கெட்டுகள் அந்த இடத்திலேயே தொடர்ந்து எழுதப்படும். இன்னொரு கணினியிலிருந்து பிகேடிஜென் என்ற கருவி மூலம் பாக்கெட்டுகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும்போது இடைமுகத்தை நிறுத்தி, தொடங்கி, டிரைவரைக் கழற்றி, மறுபடி ஏற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். அமைதியான இணைப்பில் டிரைவரைக் கழற்றிக் காட்டுவதால் பயனில்லை.

கார்டே இல்லாத கல்லூரிகளும் தொடங்கலாம். கியூஇஎம்யூ என்ற இலவச மென்பொருளில் கற்பித்தலுக்கென்றே ‘எடு’ என்ற போலிச் சாதனம் இருக்கிறது. அது இயல்பாக 28 பிட் முகவரி மட்டுமே அறிந்தது. அதாவது 256 எம்பிக்கு மேல் அதற்கு எட்டாது. சாதனம் எட்டும் முகவரி வரம்பைக் குறிக்கும் டிஎம்ஏ மாஸ்க் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கேஷ் ஒத்திசைவுப் பிழையும், டிஸ்கிரிப்டரின் உள்ளடக்கத்துக்கு முன், அது யாருக்கு உரியது என்று காட்டும் உரிமைப் பிட் கார்டின் கண்ணில் படும் வரிசைப் பிழையும் ஆர்ம் வகைப் பிராசசர் கொண்ட உண்மையான பலகையில்தான் தெளிவாக வெளிப்படும். ராஸ்பெர்ரி பை 4 போதும். அதன் ஈதர்நெட் பகுதி முதன்மைச் சிப்பிலேயே இருக்கிறது, கேஷ் ஒத்திசைவை வன்பொருள் செய்து தராது. பை 3 இதற்கு உதவாது. அதில் ஈதர்நெட் யுஎஸ்பி வழியாக இணைந்திருப்பதால், டிஎம்ஏவை நடத்துவது யுஎஸ்பி கட்டுப்பாட்டகத்தின் டிரைவரே அன்றி நெட்வொர்க் டிரைவர் அன்று.

மதுரை வட்டாரக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும், மதிப்பீட்டுக்குச் செல்லும் தேர்வாளர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. நெட்வொர்க் டிரைவர் திட்டப்பணி எதையும், டிஎம்ஏ கண்காணிப்பை இயக்கி, பாக்கெட்டுகள் கொட்டும் நிலையில் டிரைவரை ஏற்றி இறக்கிய பிறகான கெர்னல் பதிவு இல்லாமல் ஏற்க வேண்டாம். பதிவை முழுவதும் வாசிக்க நேரமில்லாத தேர்வாளர், மாணவரின் கணினியிலேயே டிஎம்ஏ கண்காணிப்பின் டீபக் கோப்பகத்தைத் திறந்து, ‘எரர் கவுண்ட்’ கோப்பில் உள்ள எண் சுழியமா, பக்கத்தில் இருக்கும் ‘டிசேபிள்ட்’ கோப்பில் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். ‘ஒய்’ (Y) என்று இருந்தால் கண்காணிப்பு தொடக்கத்திலேயே அணைக்கப்பட்டது அல்லது நடுவிலேயே நின்றுவிட்டது என்று பொருள்; அந்தச் சுழியத்தை மதிப்பெண்ணுக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநகர், மதுரை – 6