அமாகா இக்வே பற்றி மகளுக்கு எழுதியது

அன்புள்ள கயலுக்கு,

நாங்கள் இருவரும் நலம். படப்பிடிப்பு முடிந்த விடியற்காலையில் நீ எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திரைப்படக் கல்லூரியில் படிக்காதவள் என்பதால் உன் சொல் அங்கே எடுபடுவதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் நைஜீரிய எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான அமாகா இக்வேயின் நினைவு வந்தது.

நீ பிறப்பதற்கு முன், அப்பாவின் வேலையை முன்னிட்டு நாங்கள் நைஜீரியாவின் லாகோஸ் நகரின் சுருலேரே பகுதியில் குடியிருந்தபோது, 1990களின் தொடக்கத்தில், அவர் எழுதிய 'செக்மேட்' தொடர் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பாதியில் மின்சாரம் போய்விட்டது. அடுத்த வீட்டு அம்மாள் மண்ணெண்ணெய் விளக்கும் ஒரு தட்டு வாழைப்பழ வறுவலுமாக வந்து உட்கார்ந்து, கதாநாயகி ஆன் இனி என்ன செய்வாள் என்று என்னோடு வாதாடத் தொடங்கினார். மின்சாரம் திரும்பி, தெருப் பிள்ளைகள் ஒரே குரலில் ஆரவாரம் செய்தபோது தொடர் முடிந்திருந்தது. எங்கள் வாதம் முடியவில்லை. எழுத்தின் வலிமை என்றால் எனக்கு இன்றும் அந்த விளக்கொளிதான் நினைவுக்கு வரும்.

1963 ஜனவரி 2 அன்று பிறந்த அவர் இஃபே பல்கலைக்கழகத்தில் படித்தது சமயக் கல்வி. இபாதானில் முதுகலையாகப் படித்தது நூலகவியல். சினிமாவுக்கென்று எந்தப் பட்டமும் அவரிடம் இல்லை. மனிதர்கள் வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்கும் காது இருந்தது. 'செக்மேட்' தொடரில் வந்த, பல மனைவியரைக் கட்டிக்கொண்டு திண்டாடும் ஒரு குடும்பத் தலைவரை மட்டும் தனியே எடுத்து, 'ஃபூஜி ஹவுஸ் ஆஃப் கமோஷன்' என்ற நகைச்சுவைத் தொடராக வளர்த்தது அந்தக் காதுதான்.

1992இல் 'லிவிங் இன் பாண்டேஜ்' என்ற நைஜீரியப் படம் வீடியோ கேசட்டாக வந்து விற்றுத் தீர்ந்த பிறகு, லாகோஸின் இடுமோட்டா சந்தையில் கேசட்டுகள் குவியத் தொடங்கின. ஒரு சில நாட்களில் படம் பிடித்து விற்றுவிடும் அவசரம் எங்கும் பரவியிருந்த அந்தக் காலத்தில், அமாகா நைஜீரிய மொழிகளுள் ஒன்றான இக்போவில் 'ராட்டில்ஸ்நேக்' படத்தையும், பின்னர் ஆங்கிலத்தில் 'வயலேட்டட்' படத்தையும் திரைக்கதைக்கும் நடிப்புக்கும் உரிய நேரம் கொடுத்து எடுத்தார். என் கணிப்பில் அவருடைய பெருமை அந்தத் திரைத்துறைக்கு முதலில் வந்த பெண்களுள் ஒருவர் என்பதைவிட, அந்த அவசரத்துக்கு இணங்காமல் நின்றதில்தான் இருக்கிறது. பிறகு ஸ்டுடியோ, வானொலி நிலையம், நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் கூடும் 'பாப் டிவி' சந்தை என்று மற்றவர்களும் தொழில் செய்வதற்கான இடங்களை உருவாக்கினார். 'ராட்டில்ஸ்நேக்' 2020இல் அடுத்த தலைமுறையினரால் மீண்டும் படமாக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

2014 ஏப்ரல் 28 அன்று எனுகுவில் ஆஸ்துமா தாக்கி இறந்தபோது அவருக்கு வயது 51. செய்தி வந்த அன்று நான் முதலில் நினைத்தது உன்னைத்தான். உன் கதையை எழுதி முடித்து அனுப்பு. முதல் வாசகியாக நான் இருக்கிறேன். இரவுப் படப்பிடிப்பில் புகை போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். இன்ஹேலரை அறையில் விட்டுவிட்டுப் போகாதே, கைப்பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா