கடல் இல்லாத இடத்தில் ஒரு கலங்கரை விளக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நண்பர்களோடு கதை சொல்லிப் பகடை உருட்டி நீ நடத்தும் ஆட்டத்துக்காக நீ வரைந்த நகரத்தின் வரைபடமும் அது தோன்றிய கதையும் வந்து சேர்ந்தன. வரைபடம் அருமை. உப்பளங்கள், மதிலுக்கு வெளியே ஓடக்காரர் குடியிருப்பு, கடலை விட்டு வெகுதூரத்தில் ஊருக்கு நடுவே நிற்கும் அந்தக் கலங்கரை விளக்கம் என்று ஒவ்வொன்றையும் ரசித்துப் பார்த்தேன். கதையைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

உன் கதையில் ஒளிக்கடவுள் கையை உயர்த்துகிறார், கடலுக்கடியிலிருந்து வெள்ளிக் கோபுரங்கள் எழுகின்றன, நகரம் பிறக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னோடு விளையாட உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வார்கள்? தலையாட்டிவிட்டுப் பகடையை உருட்டப் போய்விடுவார்கள். அந்தக் கதையை எடுத்துவிட்டாலும் உன் வரைபடத்தில் ஒரு தெருகூட மாறாது. என் கவலை அதுதான்.

நம் கும்பகோணத்தையே எடுத்துக்கொள். பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் இங்கே தங்கியது, சிவன் வேடனாக வந்து அம்பு விட்டு அதை உடைத்தார் என்று நீ சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாய். ஊர்க்காரர்கள் கதையை அதோடு விட்டுவிடவில்லை. குடத்தோடு இருந்த ஒவ்வொரு பொருளையும் ஒவ்வோர் இடத்தில் விழவைத்தார்கள். வில்வம் விழுந்த இடம் நாகேசுவரன் கோயில். உறி விழுந்த இடம் சோமேசுவரர் கோயில். தேங்காய் விழுந்தது மகாமகக் குளத்தின் கரையில் இருக்கும் அபிமுகேசுவரர் கோயில். பூணூலுக்குக் கௌதமேசுவரர். அம்பைத் தொடுத்த இடத்துக்கும் பாணபுரீசுவரர் இருக்கிறார். அமுதம் ஓடித் தேங்கியது மகாமகக் குளம். அமுதத்தையும் மணலையும் சேர்த்துப் பிசைந்து செய்த லிங்கம் கும்பேசுவரர், அதனால் அவருக்குத் தண்ணீர் அபிஷேகம் செய்வதில்லை. ஒரு குடம் உடைந்ததில் ஊரின் வரைபடமே கிடைத்துவிட்டது! 12 ஆண்டுக்கு ஒரு தடவை லட்சக்கணக்கான பேர் வந்து அந்தக் கதைக்குள் இறங்கி முங்கி எழுகிறார்கள். 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல்.

இதில் கோயில்கள் முதலில், கதை பிறகு என்றுதான் நான் நினைக்கிறேன். ஊரில் ஏற்கெனவே இருப்பவற்றை ஒரே நூலில் கோக்க யாரோ ஒரு நல்ல கதைசொல்லி குடத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும். நீயும் அப்படிச் செய். கடவுளிடமிருந்து தொடங்காதே. உன் வரைபடத்தில் பொருந்தாமல் நிற்கும் ஒன்றிலிருந்து பின்னோக்கிப் போ. உன்னிடம் அந்தக் கலங்கரை விளக்கம் இருக்கிறதே! கடலே இல்லாத இடத்தில் இது எதற்கு என்று அந்த ஊர்க் குழந்தை கேட்காதா? அதற்கு அதன் பாட்டி சொல்லும் பதில்தான் உன் புராணம்.

அந்தப் பாட்டி சொல்வதை நான் இப்படி நினைத்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் கடல் விளக்கின் அடிவரை இருந்தது. கடலின் மகள் வலையில் சிக்கிக் கரைக்கு வந்தபோது, ஓடக்காரப் பெண் ஒருத்தி தன் பிழைப்புக்கு இருந்த ஒரே வலையை அறுத்து அவளை விட்டாள். அதற்கு ஈடாகக் கடல் பின்வாங்கி, தன் படுக்கையை அவள் சனங்கள் குடியிருக்கக் கொடுத்தது. தானமாக இல்லை, இரவலாக. வருடத்தில் ஒரு அமாவாசை இரவு விளக்கை ஏற்ற வேண்டும், தன் பழைய கரை எங்கே இருக்கிறது என்று கடல் பார்த்துக்கொள்ளும். விளக்கு எரியாவிட்டால் கரையைத் தேடிக்கொண்டு அதுவே வரும்.

இது ஓடக்காரர் சொல்லும் கதை. மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் வேறு சொல்லட்டும். முதல் அரசன் ஈட்டி எறிந்தான், கடல் பயந்து ஓடியது, குத்தி நின்ற ஈட்டிதான் விளக்குக் கோபுரம் என்று. இரண்டையும் வைத்துக்கொள். எது உண்மை என்று நீ தீர்ப்பு சொல்லவே வேண்டாம். நிலம் யாருடையது என்ற வழக்கு அந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இரவல் நிலம் என்றால் ஓடக்காரர்கள் ஏன் மதிலுக்கு வெளியே இருக்க வேண்டும்?

உண்மையான நகரங்களும் இப்படித்தான் கதை கட்டின. ரோமாபுரிக்கு இரண்டு தோற்றக் கதைகள் உண்டு. கிரேக்கர் படையெடுப்பில் டிராய் நகரம் எரிந்தபோது தப்பி வந்த வீரன் ஈனியாஸ் ஒரு பக்கம், ஓநாய் பால் குடித்து வளர்ந்த ரோமுலஸ் மறுபக்கம். டிராய் விழுந்ததை கி.மு. 1184 என்றும் ரோம் பிறந்ததை கி.மு. 753 என்றும் பழைய கணக்குகள் சொன்னதால் இடையில் 400 ஆண்டுக்கு மேல் இடைவெளி விழுந்தது. அவர்கள் எந்தக் கதையையும் தூக்கி எறியவில்லை. ஆல்பா லோங்கா என்ற ஊரின் அரசர் வரிசையை நடுவில் வைத்துப் பாலம் போட்டார்கள். ரோமுலஸ் தன் தம்பியைக் கொன்றதையும் மறைக்கவில்லை. ஆஸ்டெக் என்று நாம் படிக்கும் மெஷிகா மக்கள் அக்கம்பக்கத்தாரால் துரத்தப்பட்டு டெஷ்கோகோ ஏரியின் சதுப்புத் தீவில் ஒதுங்கியவர்கள். 1325இல் அங்கே அவர்களின் நகரமான தெனோச்டிட்லான் எழுந்ததாக மரபு. கள்ளிச்செடிமேல் கழுகு அமர்ந்த இடத்தில் குடியேறுங்கள் என்று தெய்வம் சொன்னதாக அவர்கள் சொன்னார்கள். வேறு யாருக்கும் வேண்டாத சேறு, தெய்வம் தேர்ந்த இடமாகிவிட்டது. இன்று மெக்சிகோ கொடியில் அந்தக் கழுகு இருக்கிறது. கதை எழுதும்போது இது யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்டுக்கொண்டே எழுது.

அப்புறம் அந்த வாக்கு. விளக்கை ஏற்ற யாரோ தவறினால்தான் உன் ஆட்டம் சூடு பிடிக்கும். அதற்காகக் கெட்டவன் ஒருவனைப் படைத்துவிடாதே. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது ஏன்? சோழன் இந்திர விழா எடுக்க மறந்தான். திமிரினால் மறக்கவில்லை, பிள்ளையைக் கடலில் பறிகொடுத்துத் தேடி அலைந்த துக்கத்தில் மறந்தான். ஒரு தகப்பனின் துக்கத்துக்காக ஊரே போய்விட்டது. எத்தனை தடவை படித்தாலும் அந்த இடம் என்னைக் கலக்கிவிடும். உன் ஊரில் கலங்கரை விளக்குக்கான எண்ணெய்க் கிடங்கின் சாவியை வைத்திருப்பவருக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கட்டும். விளையாடுபவர்கள் அவரோடு சண்டை போட முடியாமல் திணற வேண்டும்.

இவ்வளவையும் ஆட்டத்தின் தொடக்கத்தில் நீயே வாசித்துக் காட்டிவிடாதே. ஓடக்காரர் தாலாட்டில் ஒரு வரி, நீதிமன்றத்தில் ஈட்டியைத் தொட்டுச் செய்யும் சத்தியம், அமாவாசைக்கு முந்தின வாரம் சந்தையில் ஏறும் எண்ணெய் விலை என்று பிரித்துப் போடு. அவர்களே கூட்டிப் பார்க்கட்டும். ஊருக்குப் பெயரையும் இப்போதே வைக்காதே, மதிலுக்கு உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் என்று வந்தாலும் வரும்.

அடுத்த ஆட்டத்தில் அந்தப் பாட்டியை முதலில் யார் பேசவிட்டார்கள், எந்தக் கதையை நம்பினார்கள் என்று எனக்கு எழுது. ஈட்டிக் கதையைத்தான் நம்பினார்கள் என்றால் பாட்டிக்கு இன்னும் ஒரு சாட்சி வேண்டும். அறுந்த வலையின் ஒரு துண்டை அவள் வீட்டுக் கூரையில் செருகி வைத்துவிடு.

அன்புடன்,
அம்மா