தில்லானா மோகனாம்பாள் டிவிடி: சுருதி ஏறியிருக்கிறது, பாதம் வெட்டுப்பட்டிருக்கிறது

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தங்கள் வெளியீடான 'தில்லானா மோகனாம்பாள்' டிவிடியில் உள்ள குறைகள், திருத்திய டிஸ்க் கோருதல் தொடர்பாக

ஐயா, வணக்கம்.

சென்ற மாதம் கும்பகோணத்தில் ஒரு கடையில் இந்த டிவிடியை 199 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அப்பாவுக்காக வாங்கியது. நாற்பது வருஷத்துக்கு மேல் கோயிலிலும் கல்யாணத்திலும் தவில் வாசித்தவர் அவர். இப்போது வயது 82, வெளியே அதிகம் போவதில்லை. 1968-இல் படம் வந்தபோது ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்தாராம்.

டிஸ்கைப் போட்டு முதல் நாயன (நாதஸ்வர) வாசிப்பு வந்ததுமே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, சுருதி ஏறியிருக்கேடா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிவி சத்தம் அப்படித்தான் இருக்கும்ப்பா என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. பரணில் இருந்த பழைய இசைத்தட்டை இறக்கச் சொன்னார். சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'நலந்தானா' பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டார். சுருதி அளவில் கிட்டத்தட்ட அரைக் கட்டை வித்தியாசம்.

காரணத்தை என் மைத்துனர் மகன் சொன்னான், அவன் வீடியோ எடிட்டிங் வேலை பார்க்கிறவன். சினிமா எடுப்பது நொடிக்கு 24 ஃபிரேம். உங்கள் டிஸ்க் பிஏஎல் என்கிற டிவி ஒளிபரப்பு முறையில் இருக்கிறது, அதில் நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும். படத்தை அப்படியே ஏற்றினால் வேகம் 4 சதவீதம் கூடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது, குரலும் வாத்தியமும் சேர்ந்து மேலே ஏறுகின்றன. சுருதியை மட்டும் பழைய இடத்துக்கு இறக்க எத்தனையோ வழி இருக்கிறதாம். யாரும் மெனக்கெடவில்லை.

சண்டைப் படமாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இது நாயனக்காரனின் கதை. சிவாஜி உதட்டில் நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வைத்து நடிக்கும்போது நாம் கேட்பது மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. அந்தச் சுருதி அவர்கள் உட்கார்ந்து சேர்த்த சுருதி. அதை மாற்ற உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

அடுத்தது படத்தின் அளவு. அட்டையில் 'அகலத்திரை' என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். இந்தப் படம் அகலத்திரையில் எடுக்கப்படவே இல்லை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ராஜராஜ சோழன் 1973-இல்தான் வந்தது. அதை இயக்கியவரும் இதே ஏ.பி.நாகராஜன்தான். தில்லானா மோகனாம்பாள் பழைய சதுரம் போன்ற சட்டத்துக்குள் அமைத்த படம். இன்றைய டிவியை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காணாமல் போகிறது.

என்ன போயிற்று என்று சொல்கிறேன். பத்மினி முழு உருவமாக நின்று ஆடும் இடங்களில் கணுக்காலுக்குக் கீழே இல்லை. சலங்கைச் சத்தம் கேட்கிறது, பாதம் தெரியவில்லை. நாட்டியத்தில் பாதத்தை வெட்டிவிட்டு எதைப் பார்ப்பது? தவில்காரராக வரும் பாலையாவுக்கும் இதே கதிதான். தவில் வாசிக்கிறவர்கள் இன்றைக்கும் அவர் நடிப்பைப் பேசுவதற்குக் காரணம் முகம் மட்டுமில்லை. தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரல் விழுகிற இடமும், இடது பக்கமான தொப்பியில் கழி இறங்குகிற விதமும் பார்க்கத்தான் அப்பா காத்திருந்தார். நெருக்கத்தில் காட்டும் இடங்களில் தோளும் சிரிப்பும் இருக்கிறது, கை கீழே எங்கேயோ போய்விட்டது. மிச்சமிருந்த வலது மூலையிலும் உங்கள் நிறுவன முத்திரை, படம் முழுக்க.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிறம் நன்றாக வந்திருக்கிறது. நான் டிவியில் பார்த்த பிரதிகளில் எல்லாம் வெளுத்துக் கிடந்த பட்டுப்புடவைகள் இதில் பளிச்சென்று இருக்கின்றன. நல்ல பிரிண்ட் உங்கள் கையில் இருக்கிறது என்பது அதிலிருந்தே தெரிகிறது. அங்கங்கே கோடு விழுவதைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது, அது பிலிமின் வயது.

அப்புறம் சப்டைட்டில். என் மருமகள் புனேக்காரப் பெண், தமிழ் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். வசனத்துக்கெல்லாம் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. பாட்டு வந்ததும் நின்றுவிட்டது. 'நலந்தானா' பாட்டில் என்ன நடக்கிறது? காயம்பட்டுப் பிழைத்து வந்தவனிடம் நாலு பேர் முன்னால் நேராகக் கேட்க முடியாததை மோகனா (பத்மினி) பாட்டாகவும் அபிநயமாகவும் கேட்கிறாள். சண்முகசுந்தரம் (சிவாஜி) நாயனத்தில் பதில் சொல்கிறான். சுசீலாவின் குரலில் கண்ணதாசன் எழுதிய அந்தக் கேள்வி புரியாவிட்டால் அது வெறும் கச்சேரி. மருமகள் என் முகத்தையும் அப்பா முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவளுக்கு நான் பாட்டு முடிந்த பிறகு சொன்னேன். பாட்டிலேயே கதை நகரும் படத்தில் பாட்டை மொழிபெயர்க்காமல் விடுவது பாதிப் படத்தை மறைப்பது.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "பழைய படம் சார், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. நான் மேலே எழுதியதில் ஒன்றுகூடப் பழசால் வந்த குறை இல்லை. எல்லாம் டிஸ்க் தயாரித்தபோது வந்தவை.

இந்தப் படத்தில் ஒரு காட்சி. கோயிலில் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை வெடிக்கும், சண்முகசுந்தரம் கோபப்பட்டு வாசிப்பை நிறுத்திவிடுவான். அந்த இடத்தில் அப்பா எப்போதும் தலையை ஆட்டுவார். அவரும் ஒரு கல்யாண வீட்டில் அப்படித் தவிலை இறக்கி வைத்துவிட்டு வந்தவர். வித்தைக்கு மரியாதை கேட்கிற படத்தை இப்படிக் கைபோன போக்கில் வெளியிட்டிருக்கிறீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். படத்தை எடுத்த அளவிலேயே, இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்தாலும் பரவாயில்லை என்று, முழுதாகப் போடுங்கள். சுருதியைச் சரிசெய்யுங்கள். பாட்டுகளுக்கும் சப்டைட்டில் கொடுங்கள். முத்திரையைப் படம் தொடங்கும் முன் ஒரு முறை காட்டினால் போதும். அப்படி ஒரு டிஸ்க் வந்தால் விலை இரண்டு மடங்கானாலும் வாங்குவேன். அதுவரை அட்டையில் இருக்கும் 'அகலத்திரை' என்ற சொல்லையாவது எடுத்துவிடுங்கள், அதை நம்பித்தான் வாங்கினேன்.

டிஸ்கையும் கடை ரசீதின் நகலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சுருதி மாறும் இடங்களை அப்பா தன் கையால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதுவும் உள்ளே இருக்கிறது. உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். பதிலை எதிர்பார்க்கிறேன். அப்பாவும் தினம் தபால் வந்ததா என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
மயிலாடுதுறை வாடிக்கையாளர்