எங்கள் மகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

மகள் வீடு திரும்பிவிட்டாள். நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் எழுதும் தெம்பு எங்களுக்கு இன்னும் வரவில்லை. இதய அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்கள், குழந்தையின் நோய் எதிர்ப்பு நிலை தெரியும்வரை தானம் தந்தவரின் வெள்ளணுக்கள் அவளைத் தாக்காதபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தத்தையே ஏற்ற வேண்டும் என்று உறுதியாக நின்ற இரத்த வங்கி ஊழியர்கள், கால்சியம் குறைந்ததை உடனே கவனித்த இளம் மருத்துவர், மூத்த பிள்ளையைத் தம் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட உறவினர்கள் என எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயினும், மரபியல் ஆலோசகராக இருக்கும் அந்த அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பரிசோதனை முடிவை அவர் எங்கள் இருவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். மாறாக, வெளியே காத்திருந்த இரு வீட்டுப் பெரியவர்களையும் உள்ளே அழைத்து உட்கார வைத்தார். கர்ப்பக் காலத்தில் என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று என் மனைவியைச் சுற்றி எழுந்த கேள்விகள் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களுள், குழந்தையின் 22ஆம் இணையில் ஒன்றில் ஏறத்தாழ 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு இல்லை என்றார். அந்தத் துண்டின் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைந்த தொடர்கள் இருப்பதால், முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் பிசகாகப் பொருந்தி இடைப்பகுதி விடுபட்டுப்போகும் என்றும், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே நேர்கிறது என்றும் பொறுமையாக விளக்கினார். விடுபட்டவற்றுள் டிபிஎக்ஸ்1 என்னும் மரபணுவும் ஒன்று. சில வாரக் கருவின் தொண்டைப் பகுதியில் தோன்றும் வளைவுகளும் பைகளும் சரியாக உருவாக அது தேவை. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாளங்களும், நோய் எதிர்ப்பு அணுக்களை முதிரச் செய்யும் தைமஸ் சுரப்பியும், கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் அப்பகுதியைச் சார்ந்தே வளர்கின்றன. இதயக் குறை, கால்சியக் குறைவு, எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவற்றைத் தனித்தனி நோய்களாக எண்ணி அஞ்சிக்கொண்டிருந்த எங்களுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கின.

இறுதியாக என் மனைவியைப் பார்த்து, எல்லோரும் கேட்கும்படி, "நீங்கள் எதைச் செய்திருந்தாலும், எதைச் செய்யாமல் இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்கள் இருவரின் இரத்தப் பரிசோதனையில் குறை ஏதுமில்லை என்று தெரிந்ததும், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

நூற்றில் ஏறத்தாழ ஒரு குழந்தை இதயக் குறையோடு பிறக்கிறது. அவர்களுள் பலருக்கு இன்றைய மரபணுப் பரிசோதனைகளாலும் காரணம் கிடைப்பதில்லை; அத்தாய்மார்களுக்காக யார் இப்படிப் பேசுவார்கள் என்பதே இப்போது என்னை வருத்துகிறது. அவர்களுக்கும் ஒருநாள் விடை கிடைக்கட்டும் என்று எங்கள் மூவரின் மாதிரிகளையும் ஆய்வுக்குப் பயன்படுத்த இசைவு தந்துள்ளோம். மகள் வளர்ந்தபின், அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதை, அந்த அம்மையார் எங்களுக்குச் சொன்ன அதே பொறுமையோடு நாங்களே அவளிடம் சொல்வோம்.

நன்றியுடன்,
குழந்தையின் பெற்றோர்