பழைய கொல்லுப்பட்டறை வீட்டில் குடியிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, சாயங்காலம் கோயில் வரை நடந்துவிட்டு வருகிறார். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், மாப்பிள்ளையைக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்.

புது வீட்டுப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் வாசல் பலகையில் 'பழைய கொல்லுப்பட்டறை' என்று இருக்கிறது. பக்கத்தில் 'பழைய பேக்கரி', தெருக்கோடியில் 'பழைய தபால் நிலையம்'. "பொம்மை ஊர் மாதிரி இருக்கும்மா" என்று எழுதியிருந்தாய். அழகான ஊர்தான் கண்ணு. ஆனால் உங்கள் இங்கிலாந்து நார்ஃபோக் மாவட்டத்துக் கிராமங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டில் முன்பு யார் எப்படிப் பிழைத்திருப்பார்கள் என்று உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பண்ணைகளில் சுமார் பத்து லட்சம் குதிரைகள் வேலை செய்தன. உங்கள் பக்கத்துக் களிமண்ணுக்கு சஃபோக் பஞ்ச் என்ற செந்நிறக் குதிரைதான் பேர் போனது. காலில் முடி அதிகம் இருக்காது, அதனால் சேறு ஒட்டாது. இரட்டைக் குதிரை பூட்டி நாளுக்கு ஒரு ஏக்கர் உழுவது கணக்கு. ஒரு சால் ஒன்பது அங்குல அகலம் என்றால், அந்த ஒரு ஏக்கருக்கு ஏர்ப்பின்னால் பதினொரு மைல் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து தீனி வைத்தாக வேண்டும். இத்தனை குதிரைக்கும் லாடம் கட்டியது உன் வீடு போன்ற பட்டறைகள்தான்.

லாடம் மட்டுமில்லை, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டதும் அங்கேதான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சக்கரம் செய்வது தச்சர். சக்கரத்தின் நடுக் குடத்துக்கு எல்ம் மரம், ஆரக்காலுக்கு ஓக், வெளி வளையமான வட்டைக்கு ஆஷ். குடத்து மரத்தை வருஷக்கணக்கில் காயப்போட்டு வைப்பார்கள். அப்பா வெட்டிப் போட்ட மரத்தில் மகன் சக்கரம் செய்வதும் உண்டு. அப்புறம் சக்கரம் கொல்லரிடம் வரும். சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாகவே இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, இரண்டு மூன்று பேர் இடுக்கியால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் தீப்பிடிக்கும். சம்மட்டியால் தட்டிய கையோடு தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் வட்டை கருகிப் போகும். இரும்பு குளிர்ந்து சுருங்கச் சுருங்க, ஆரக்கால் எல்லாம் கிறீச்சென்று குடத்துக்குள் இறுகும்.

உன் அப்புச்சி பட்டறையில் நான் பார்த்ததும் இதேதான். மரம் வேல மரம், நெருப்புக்கு வரட்டி. மற்றபடி ஒன்றும் மாறவில்லை. தண்ணீர் ஊற்றும் வேலை எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கு. அப்புச்சி உயிரோடு இருந்து உன் வீட்டைப் பார்த்திருந்தால், வரவேற்பறையில் உட்காராமல் உலைக்களம் எந்த மூலையில் இருந்தது என்றுதான் தேடியிருப்பார். நீயும் தேடிப் பார். அந்தக் காலத்தில் சக்கரத்தைப் படுக்க வைத்து அசையாமல் இறுக்க வட்டமான இரும்புத் தகடு ஒன்றைத் தரையில் பதித்திருப்பார்கள். சில ஊர்களில் இன்னும் அப்படியே கிடக்கிறதாம். உன் முற்றத்தில் புல்லுக்கு அடியில் இருந்தாலும் இருக்கும்.

கைத்தொழில் தெரிந்தவர்கள் பாடு ஓரளவு தேவலை. பண்ணைக் கூலிகள் பாடுதான் பெரும்பாடு. முதல் உலகப் போருக்கு முன்னால் உங்கள் பக்கத்தில் வாரக்கூலி 13, 14 ஷில்லிங்தான். பல பேருக்கு வீடே பண்ணைக்காரருடையது, வேலை போனால் வீடும் போச்சு. அறுப்பு மாதத்தில் கிடைக்கும் கூடுதல் கூலியில்தான் வாடகை பாக்கியும் பிள்ளைகளுக்கு பூட்ஸும். கதிர்க்கட்டு எல்லாம் வண்டி ஏறியதும் பெண்களும் பிள்ளைகளும் வயலில் இறங்கி உதிர்ந்த கதிர் பொறுக்குவார்கள். சில ஊர்களில் அதற்கு மணி அடித்த பிறகுதான் இறங்கலாம். அந்தக் கோதுமைதான் குளிர்காலத்து ரொட்டி. 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வந்தது. கடைசிக் காலத்தில் ஏழை விடுதியில் போய்ச் சாக வேண்டுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த கிழவர்கள், அந்தப் பணத்தை உங்கள் தெருக்கோடி மாதிரி ஒரு தபால் நிலையத்தில்தான் வாங்கியிருப்பார்கள்.

1914 ஆகஸ்ட்டில் போர் வந்தது. அறுப்பு நேரம். இரண்டே வாரத்துக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை நாடு முழுவதிலிருந்தும் ராணுவம் எடுத்துக்கொண்டது. ஆட்களும் போனார்கள். தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கும், ஒரே குடும்பப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று நின்று படி.

இத்தனையும் எழுதியது எதற்கு என்றால், உன்னை ஓர் இடத்துக்குப் போகச் சொல்லத்தான். டிஸ் ஊருக்குப் பக்கத்தில் பர்ஸ்டன் என்ற கிராமம். 1911-இல் அங்கே டாம் ஹிக்டன், கிட்டி ஹிக்டன் என்ற தம்பதி ஆசிரியர்களாக வந்தார்கள். மழையில் மைல் கணக்காக நடந்து வந்த பிள்ளைகளின் துணி காயட்டும் என்று கிட்டி அனுமதி கேட்காமல் கணப்பு மூட்டினார். அதற்கே நிர்வாகத்திடமிருந்து கண்டனம். டாம் பண்ணைக் கூலிகளைச் சங்கத்தில் சேர்த்தார், 1913-இல் ஊர்மன்றத் தேர்தலில் பாதிரியாரையே தோற்கடித்தார். விடுவார்களா? ஏதேதோ குற்றம் சாட்டி இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1914 ஏப்ரல் 1 அன்று 72 பிள்ளைகளில் 66 பேர் பள்ளியை விட்டு வெளியே வந்து, எங்கள் ஆசிரியர்கள் திரும்ப வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். பாடம் முதலில் ஊர்ப் பொதுப் புல்வெளியில் நடந்தது, பிறகு தச்சர் ஒருவரின் பட்டறையில். பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள், தேவாலய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்களை வெளியேற்றினார்கள். யாரும் மசியவில்லை. தொழிற்சங்கங்கள் கொடுத்த காசில் 1917-இல் சொந்தக் கட்டடம் எழுந்தது, 1939 வரை பள்ளி நடந்தது.

வாழ்நாள் முழுக்க அரசுப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். அந்தக் கணப்பு விஷயத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் நனைந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கட்டடம் இன்றும் நிற்கிறது. முகப்புக் கற்களில் பணம் கொடுத்த சங்கங்களின் பெயர்கள் வெட்டியிருக்கும். படம் எடுக்கும்போது எழுத்து தெரிகிற மாதிரி கிட்டே போய் எடு. வருஷா வருஷம் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் கூடும். இந்த வருஷம் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் நான் அங்கே வந்திருக்கும்போது சேர்ந்து போவோம். டிக்கெட்டை ஆகஸ்ட் கடைசிக்குப் போடு. அப்பாவுக்கு ஜன்னல் பக்கம் வேண்டாமாம், கால் நீட்ட நடைபாதை ஓரம்தான் வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா