பழைய அமெரிக்கக் கைத்தறிப் போர்வைகளைப் பதிவு செய்ய நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். பென்சில்வேனியா, ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களின் பண்ணை வீடுகளில் பரண்களிலும் பெட்டிகளிலும் மடிந்து கிடக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கைத்தறிப் போர்வைகளைப் படமெடுத்து, நெய்தவர் விவரத்தோடு பதிவு செய்யும் பணியை எங்கள் குழு மேற்கொண்டுள்ளது. அதற்குத் தங்கள் உதவியை நாடுகிறோம்.

துளையிட்ட அட்டைகளைக் கொண்டு சிக்கலான கோலங்களை நெய்ய உதவும் ஜக்கார்டு கருவி 1820களில் அமெரிக்கத் தறிகளுக்கு வந்த பின்னர், ஜெர்மனியிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறிய நெசவாளர் பலர் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும், சில வேளைகளில் வாங்குபவரின் பெயரையுங்கூட, போர்வையின் மூலையிலேயே நெய்து கொடுத்தனர். நியூயார்க் மாநிலத்து ஹாரி டைலர் முதலில் சிங்கத்தையும் பின்னர் கழுகையும் மூலையில் நெய்தார். இண்டியானாவின் சாரா லா டூரெட், ஆண்களே மிகுந்திருந்த இத்தொழிலில் நிலைத்த மிகச் சில பெண்களுள் ஒருவர்.

வீட்டுப் பெண்கள் நான்கு மிதித் தறியில் நெய்த போர்வைகளில் இவ்வாறு பெயரை நெய்யும் வாய்ப்பு இல்லை. வெளிர்நிறப் பருத்திப் பாவின் (நீளவாட்டு நூலின்) மேல், அவுரியில் தோய்த்த கம்பளி ஊடை (குறுக்கு நூல்) மிதந்து வட்டங்களும் கட்டங்களுமாக விழுந்திருக்கும். தறியின் அகலம் போதாததால் இரண்டு துண்டுகளாக நெய்து நடுவில் தைத்திருப்பார்கள். அந்தத் தையலில் இரு பக்கத்துக் கோலமும் பிசகாமல் பொருந்தியிருப்பதைப் பார்த்தாலே, ஊடையை அடித்த கை எத்தனை சீரானது என்பது விளங்கும். ஆயினும் அந்தக் கைக்கு உரியவரின் பெயர் பெரும்பாலும் போர்வையில் இராது. தென் மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள் நெய்தவற்றின் நிலையும் இதுவே.

இப்பெயர்களுள் எஞ்சியவை குடும்பத்து முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. போர்வை ஏலத்திற்குப் போனாலோ, மெத்தை உறைக்கென்று வெட்டப்பட்டாலோ, அது யார் நெய்தது என்ற செய்தியும் அதோடு போய்விடுகிறது. ஆகவேதான் காலம் தாழ்த்த முடியாது என்கிறோம்.

திரளும் தொகை முதலில் படமெடுப்பதற்கும் முதியவர்களின் கூற்றுகளை ஒலிப்பதிவு செய்வதற்கும் செலவாகும். மடிப்பில் நூல் இற்றுப்போவதால், போர்வைகளைச் சுருட்டி வைக்க அகலமான குழாய்களும் அமிலமற்ற தாளும் வாங்க வேண்டும். கழுவுவதோ ஒட்டுப்போடுவதோ எங்கள் பணியன்று; அது தேர்ந்தவர்கள் செய்ய வேண்டியது.

ஒரு போர்வைக்கான முழுச் செலவையும் ஒருவரே ஏற்கலாம். இயன்ற சிறு தொகையும் அளிக்கலாம். நன்கொடைகளைக் குழுவின் பொருளாளரிடம் செலுத்திப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். போர்வைக் கோலத்தை எப்படி நெய்வது என்ற குறிப்பு எழுதிய பழைய காகிதச் சுருள்களை வைத்திருப்போர், படி எடுப்பதற்கு மட்டும் தந்துதவினால் அதையும் நன்கொடையாகவே ஏற்போம்.

இங்ஙனம்,
குழுவினர்